ஓடாதவனுக்கு எதுக்கு டெஸ்ட்டு?

எங்கள் கடையில் அவனுக்கு ஸ்டூல் என்று பேர். என் அக்கா ஆசை ஆசையாக வைத்த நல்ல பேர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான். ஷூக்கடையில் வாடிக்கையாளரின் காலுக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்காரும் குட்டை ஸ்டூல் இருக்கிறதல்லவா, காலையில் அதில் உட்கார்ந்தால் கடை சாத்தும்வரை அதிலேயேதான் இருப்பான். ஒருவரை முடித்துவிட்டு அடுத்தவரிடம் போவதற்குக்கூட எழுந்திருக்கமாட்டான். ஸ்டூலோடு சேர்த்துத் தரையில் தேய்த்துக்கொண்டே நகர்வான். அந்தச் சத்தத்தைக் கேட்டு முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

நான் அவனுக்குச் சித்தி. அதே கடையில் கல்லாவில் உட்காருகிறவள். அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான், ஆகவே அவனுடைய சோம்பேறித்தனத்துக்கெல்லாம் முதலாளியிடம் பேச்சு வாங்கியதும் நான்தான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பையனுக்கு வாய் அப்படி ஒரு வாய். ஷூ வேண்டாமென்று அழுது அடம்பிடிக்கும் குழந்தையின் காலைக் கையில் எடுத்து, "இந்தக் கட்டைவிரல் ஏன் இப்படி முறைக்குது? பக்கத்து விரலோட சண்டையா?" என்று காலிடமே பேசுவான். குழந்தை அழுகையை மறந்து தன் காலையே பார்க்கும். அதற்குள் ஷூ ஏறியிருக்கும். வயசான அம்மாக்கள் கடைக்குள் எட்டிப் பார்த்து, "தம்பி இல்லையா? சரி, அப்புறமா வரேன்" என்று திரும்பிப் போய்விடுவார்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நான் அவர்கள் கண்ணுக்கு ஒரு ஆளாகவே தெரியமாட்டேன்.

ஓட மட்டும் மாட்டான். பஸ் கண்ணுக்கு முன்னால் கிளம்பினாலும் ஆடி அசைந்துதான் வருவான்.

"அடுத்த பஸ் வராமலா போயிடும்? அதுக்குள்ள எதுக்கு சித்தி உசிரை விடணும்?" என்பான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஏறி, கண்டக்டரிடம் கெஞ்சி, பஸ்ஸை நிறுத்தி வைப்பேன். இவன் ஏறி வந்து, "பாத்தியா, நின்னுருச்சில்ல?" என்று பல்லைக் காட்டுவான்.

இப்படிப்பட்டவனுக்குத் தங்கையாகப் பிறந்தவள் ஓட்டக்காரி. குதிரை என்று அவன்தான் பேர் வைத்தான். பள்ளிக்கூட மைதானத்தை ஒரு முழுச் சுற்று ஓடும் போட்டியில் அவளைத் தொட அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. விடிவதற்குள் பயிற்சிக்குப் போகவேண்டும், தனியாக அனுப்ப அக்காவுக்கு மனசு வராது. கடைக்கு வரவே மூக்கால் அழும் இந்தச் சோம்பேறி, அவளுக்காக மட்டும் இருட்டோடு எழுந்து, அவள் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போவான். பி.டி. மாஸ்டர் அவன் கையில் ஸ்டாப் வாட்ச்சைக் கொடுத்துப் பார்த்தார். அவள் புறப்படும்போது சரியாக அமுக்குவான், வந்து சேரும்போது கைதட்டுகிற உற்சாகத்தில் நிறுத்த மறந்துவிடுவான். மாஸ்டர் வாட்ச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அவளுக்கு முதல் ஓட்ட ஷூவும் அவன் கொடுத்ததுதான். கடையின் கண்ணாடி ஜன்னலில் பார்வைக்கு வைத்திருந்த ஜோடி, வெயில் பட்டுப் பட்டு ஒன்று மட்டும் வெளுத்துப்போயிருந்தது. யாரும் வாங்கமாட்டார்கள் என்று முதலாளி அவனிடமே கொடுத்துவிட்டார். ஒரு கால் கருநீலம், ஒரு கால் சாம்பல் என்று மாட்டிக்கொண்டு அவள் ஓடினாள். தோற்றவர்கள், "அந்த ரெண்டு கலர்க்காரி" என்று எரிச்சலோடு சொல்வார்களாம். அதைச் சொல்லிச் சொல்லி அண்ணனும் தங்கையும் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் பெரிய போட்டிக்கு முன்னால் புது விதி வந்தது. அணியில் சேருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் உடம்பு முழுக்கச் சோதனை, இதயத்துக்கும் சேர்த்து. எந்த ஊரிலோ மைதானத்தில் ஒரு பையன் விழுந்தானாம், அதற்குப் பிறகு வந்த விதி. பள்ளியின் அறிவியல் கூடத்தில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, போர்வையைத் திரையாகக் கட்டி, நெஞ்சில் கிளிப் மாட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். கிளிப் சில்லென்று இருந்ததென்று பெண்கள் எல்லோரும் சிரித்துக் கும்மாளம் போட்டிருக்கிறார்கள். எங்கள் குதிரைக்கு மட்டும் இரண்டாம் முறை எடுத்தார்கள். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள்.

அங்கே ஸ்கேன் பார்த்தார்கள். அக்கா, நான், அவன், அவள் என்று நால்வரும் டாக்டரம்மாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். இதயத்தின் சுவர் இருக்கவேண்டியதைவிடத் தடித்திருக்கிறது, வேகமாக ஓடும்போது துடிப்பு தாறுமாறாகி அப்படியே நின்றுவிடலாம் என்று அவர் நிதானமாகச் சொன்னார். இனி ஓடக்கூடாது. மாத்திரை உண்டு, கவனமாக இருந்தால் நன்றாக வாழலாம், ஆனால் ஓட்டம் முடிந்தது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன்தான் பேரம் பேச ஆரம்பித்தான்.

"மெதுவா ஓடினா டாக்டர்?"

"கூடாது தம்பி."

"பாதி தூரம்?"

"கூடாது."

"போட்டியெல்லாம் வேணாம். சும்மா ஜாலிக்கு?"

"நடக்கலாம். ஓடக்கூடாது."

டாக்டரம்மா எங்கள் பக்கம் திரும்பி, "அப்பா வரலையா?" என்று கேட்டார்.

"அவரு இல்லம்மா. ஆக்ஸிடென்ட்ல போயிட்டாரு," என்றாள் அக்கா. "ரொட்டி கம்பெனி வண்டி ஓட்டினாரு. ஓட்டும்போதே தூங்கிட்டாரு."

"ராத்திரி வேலையா?"

"இல்ல. காலைல, நல்ல வெளிச்சம்."

"எதிர்ல வண்டி ஏதாவது வந்து மோதிச்சா?"

"ஒண்ணும் மோதல. நேர் ரோடு. தானா ஒதுங்கிப் போயி சுவத்துல முட்டி நின்னுருச்சு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினார். பிறகு, "தூங்கினாருன்னு யார் சொன்னா?" என்று கேட்டார்.

யார் சொன்னார்கள்? எல்லோரும்தான் சொன்னோம். கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள், தெருவில் சொன்னார்கள், ஒரு சிலர் குடித்திருப்பான் என்றுகூட வாய் கூசாமல் சொன்னார்கள். பகல் வெளிச்சத்தில், நேரான சாலையில், ஆரோக்கியமான மனுஷன் ஏன் ஸ்டீயரிங்கை விட்டான் என்று வேறு மாதிரி யோசிக்க எங்களுக்கு என்ன தெரியும்? பிள்ளைகளை நினைக்காமல் தூங்கிய மனுஷன் என்று என் அக்கா அத்தனை வருஷமும் அவரைத் திட்டிக்கொண்டே இரண்டு பேரை வளர்த்தாள்.

"இது குடும்பத்துல வர்றது," என்றார் டாக்டரம்மா. "தம்பி, உங்களுக்கும் ஸ்கேன் பாக்கணும். தேதி போட்டுத் தரேன்."

"எனக்கா?" அவன் சிரித்துவிட்டான். "ஓடாதவனுக்கு எதுக்கு டாக்டர் டெஸ்ட்டு? நான் பஸ்ஸுக்கே ஓடமாட்டேன். வேணும்னா சித்தியைக் கேளுங்க."

"ஓடறதால வர்ற வியாதி இல்ல இது. பொறப்புலயே வர்றது. ஓடறவங்களுக்கு நாங்க தேடிப் பாக்கறதால தெரியுது, அவ்வளவுதான். அவசியம் வாங்க."

வெளியே வந்ததும் அக்கா, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, அந்த மனுஷன் தூங்குமூஞ்சிதான், எனக்குத் தெரியாதா?" என்று வீம்பாகச் சொன்னாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். "செத்தவரை எவ்வளவு பேசியிருக்கேன்டீ, நாக்கு அழுகிடும்டீ எனக்கு" என்று என் தோளில் சாய்ந்தாள். நானும்தானே பேசியிருக்கிறேன்.

வீட்டில் குதிரை பேச்சையே விட்டுவிட்டாள். பி.டி. மாஸ்டர் வந்து, ஸ்டாப் வாட்ச் பார்க்கவாவது மைதானத்துக்கு வாம்மா என்று கூப்பிட்டார். மற்றவள் ஓடுவதை நான் எண்ணிக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். மாஸ்டர் வாசலில் நின்று மூக்கைச் சிந்தினார். அணியில் அவள் இடத்தைக் கடைசி நாள்வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று எதற்காகவோ சொல்லிவிட்டுப் போனார். அந்த நல்ல மனுஷன் அதைச் சொல்லாமல் போயிருக்கலாம். அன்றிலிருந்து அவள் ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மெஷின் தப்புண்ணா. எனக்கு வலிக்கல, மூச்சு வாங்கல, ஒண்ணுமே பண்ணல. இன்னொரு தடவை பாத்தா சரியா வரும்."

அவளுக்கு அடுத்த சோதனை போட்டியெல்லாம் முடிந்த பிறகுதான். தனியாரிடம் பார்க்க எங்களுக்கு வழியில்லை. அவன் தினமும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பான். ஊரையே பேசிச் சிரிக்கவைக்கிறவனுக்கு இவளிடம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அவனுடைய ஸ்கேன் தேதி வந்தது. நான் வருகிறேன் என்றேன், அக்காவும் கிளம்பினாள். "நான் என்ன பிரசவத்துக்கா போறேன், ஊரே கூட வர்றதுக்கு?" என்று எங்களைத் தடுத்துவிட்டு, தங்கையை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனான். மதியம் நேராகக் கடைக்கே வந்தான். நான் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினேன்.

"என்னடா சொன்னாங்க?"

"என் நெஞ்சுல கொழுப்பைத் தவிர வேற ஒண்ணும் இல்லையாம் சித்தி. எல்லாம் நார்மல்."

எனக்கு உயிர் வந்தது. அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தேன். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் போனிலேயே அழுது, ஒரு பிள்ளையையாவது கடவுள் விட்டுவைத்தாரே என்றாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் குதிரை சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஓடமுடியாத துக்கம் என்று நாங்கள் இரண்டு பேரும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை.

பள்ளிகள் திறக்கும் காலம் வந்தது. அந்தக் காலத்தில் ஷூக்கடை எப்படி இருக்கும் என்று வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். கருப்பு ஷூ, வெள்ளை ஷூ, அம்மா அப்பா, தாத்தா, கைக்குழந்தை என்று கால் வைக்க இடம் இருக்காது. எங்கள் கிடங்கு மேல்மாடியில். செங்குத்தான இரும்புப் படி, ஒரு ஆள் மட்டும் போகலாம். பெட்டி எடுத்துக் கொடுக்கும் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். முதலாளி ஸ்டூலைப் பார்த்தார்.

"என்னைக்காவது உன் கால் தரையில படட்டும்டா. ஏறு மேல."

ஏறினான். காலைமுதல் சாயங்காலம்வரை, தோளுக்கு மேல் பெட்டியை அடுக்கிக்கொண்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். யோசித்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. மைதானத்தில் சின்னப் பெண் ஒரு சுற்று ஓடுவதற்கு முன் டாக்டர் வந்து, போர்வை கட்டி, கிளிப் மாட்டிப் பார்க்கிறார்கள். சரி, பார்க்கட்டும், நல்லதுதான். நாள் முழுக்கப் பெட்டி சுமந்து படி ஏறி இறங்குகிறவனை யார் நிறுத்தி நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்கள்? அதற்கு விசில் இல்லை, கைதட்டல் இல்லை, ஆகவே அதை யாரும் ஓட்டத்தில் சேர்க்கவில்லை.

மூச்சு வாங்கியது அவனுக்கு. கடைசிப் படியில் நின்று நெஞ்சைத் தடவுவான்.

"என்னடா?" என்று கேட்டால், "லிஃப்ட் வைக்கச் சொல்லு சித்தி உங்க முதலாளியை" என்பான். நார்மல் என்று கேட்ட காது அல்லவா எனக்கு, சோம்பேறிக்கு இரண்டு நாள் வேலை செய்ததும் நோவு வந்துவிட்டது என்று கேலி செய்தேன். அவனும் சிரித்தான்.

ஒரு மத்தியானம் ஒரு குட்டிப் பெண் ஒற்றைக் காலில் சாக்ஸோடு ஸ்டூலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு அளவு பெரியது எடுத்துவர மேலே போனவன், இறங்கும்போது பாதிப் படியில் நின்றான். பெட்டிகள் முதலில் விழுந்தன. பிறகு அவன். விழும்போது கையை ஊன்றக்கூட இல்லை. கடையே அலறியது. முதலாளிதான் அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, "டேய், எழுந்திருடா, நான் சும்மா சொன்னேன்டா, நீ உக்காந்தே இருடா" என்று கதறினார்.

பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. அங்கிருந்த டாக்டர் சின்னப் பையன், வேர்த்துக்கொட்ட வெளியே வந்தான்.

"முன்னாடி இதயத்துல பிரச்சனை ஏதாவது?"

"இல்ல," என்று நான் கத்தினேன். "இப்பத்தான் பாத்தோம். ஸ்கேன் எடுத்தோம். நார்மல்னு சொன்னாங்க."

டாக்டர் பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். அக்காவுக்குள் துக்கம் போய் உட்கார இடமில்லாமல் கோபமாக எழுந்து நின்றது. நார்மல் என்று சொன்னது எந்த வாய், அந்த ஸ்கேன் எடுத்த பொம்பளை யார், அவள் கண் எங்கே போயிருந்தது என்று நாள் முழுக்க அதே பேச்சு. எனக்கும் அதே கோபம்தான். இரண்டு பேரும் நேரில் போய் அவள் முகத்துக்கு நேரே நின்று கேட்பது, நாண்டுகொண்டு சாகும்படி கேட்பது என்று முடிவு செய்தோம். குதிரை மூலையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா" என்று ஒருமுறை ஆரம்பித்தாள். "நீ சும்மா இரு, உனக்கு உடம்பு ஆகாது" என்று அக்கா அடக்கிவிட்டாள். இருக்கிற ஒன்றையாவது காப்பாற்ற வேண்டுமே என்று மாத்திரையை வேளை தவறாமல் அவளே வாயில் போட்டுவிடுவாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகக் கிளம்பிய காலையில், அக்கா தலை வாரிக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் அடித்தது. தேய்ந்துபோன போன், ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். நான் எடுத்துப் போட்டேன்.

"வணக்கம்மா, ஸ்கேன் பிரிவுல இருந்து பேசறேன். உங்க பையனுக்கு நாளைக்குக் காலைல தேதி. ஞாபகப்படுத்தத்தான் கூப்பிட்டேன். வெறும் வயித்தோட வரணும்னு இல்ல, சாப்பிட்டுட்டே வரலாம்."

எனக்குப் புரியவில்லை. "அவனுக்குத்தான் எடுத்தாச்சேம்மா," என்றேன்.

"எங்க எடுத்தாச்சு?" அந்தப் பெண்ணின் குரலில் ஒரு செல்லக் கோபம் இருந்தது. "அன்னைக்குத் தன் நேரத்தைத் தங்கச்சிக்குக் குடுத்துட்டு வெளியில நின்னுட்டாரே. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். 'என்னை அப்புறம் பாத்துக்கலாம்க்கா, எனக்கு என்ன, உக்காந்தே இருக்கறவன். இவளுக்கு ஒரே ஒரு தடவை பாருங்க, போட்டிக்குப் பேர் குடுக்கணும்'னு ஒரே கெஞ்சல். சிரிக்கவெச்சே காரியத்தைச் சாதிச்சுட்டாரு. அப்பவே நான்தான் விடாப்பிடியா இந்தத் தேதியைப் போட்டேன். இந்தத் தடவையாவது அவரே வந்து படுக்கணும்னு சொல்லுங்கம்மா, என்ன?"

அக்கா எழுந்து வந்தாள். என் கையிலிருந்த போனை வாங்கினாள். யாரை நேரில் போய் நாலு வார்த்தை கேட்கக் கிளம்பியிருந்தாளோ, அதே குரல்தான் பதிலுக்குக் காத்திருந்தது.

"சரிம்மா," என்றாள் அக்கா. "சொல்றேன்."

போனை வைத்துவிட்டு மூலையைப் பார்த்தாள். குதிரை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன்மா. முதல்ல வேணாம்னு சொன்னேன். அப்புறம்... எனக்கு ஓடணும்னு இருந்துச்சும்மா."

அக்கா அவளை அடிப்பாள் என்று நினைத்து நான் குறுக்கே போனேன். அவள் அடிக்கவில்லை. மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"ரெண்டாவது தடவை பாத்தப்ப உனக்கு என்ன சொன்னாங்க?"

"அதேதான்மா," என்றாள் அவள்.